ஒரு சொம்பு சீம்பால்

"காய்ச்சல்னா ஒடம்பு சுடணுமில்ல? ஏம்மா இதுக்குக் காது சில்லுனு இருக்குது?"

ஆறு வருஷத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டுச் சாலம்மாளின் மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு, ஏழு வயதுக் கலைமதி தன் தாய் பானுமதியைக் கேட்ட கேள்வி இது. முந்தின நாள் கன்று ஈன்ற வெள்ளைப் பசு கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துக் கிடந்தது. தூங்குகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பால் காய்ச்சல் என்றார் கூட்டத்தில் ஒருவர். பானுமதி காதைத் தொட்டாள். மார்கழி மாதத்துத் தண்ணீர்க் குழாயைத் தொட்டது போல இருந்தது. மருத்துவர் வந்து சேர்வதற்குள் பசு போய்விட்டது.

கேட்டவள் மறந்துவிட்டாள். பானுமதியால் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து இண்டூரில் எந்தப் பசுவைக் கடந்து போனாலும் அவள் கை தானாக அதன் காதுக்குப் போகும்.

"என்ன பானு, மாட்டுக்கு ரகசியம் சொல்றியா?" என்று சாலம்மாள் கேலி செய்வாள்.

"ஆமாங்க்கா. நீங்க எப்படி இருக்கீங்கன்னு கேட்டுச் சொல்லச் சொன்னேன்."

இந்த வருஷம் மாசி மாதத்தில்தான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. பால் சொசைட்டிக்கு முன்னால் கால்நடை முகாம் நடந்தது. வந்திருந்த டாக்டர் சுசித்ரா சின்ன வயசு. கேட்டால் நின்று பதில் சொல்கிறவர். பானுமதி தன் சினைப் பசுவை ஓட்டிக்கொண்டு போனவள், கூட்டம் கலையும் வரை காத்திருந்து கேட்டாள்.

"பேருதாங்க காய்ச்சல். உண்மையில ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து கொறஞ்சு போறது" என்றார் டாக்டர். "கன்னு போட்டதும் அந்தச் சத்தெல்லாம் மடிக்கு ஓடிடுது. எலும்புல இருந்து எடுத்து ஈடு கட்ட ஒடம்புக்கு ரெண்டு மூணு நாள் ஆகும். அதுக்குள்ள நாம மடியச் சுத்தமா ஒட்டக் கறந்துட்டா, மாடு எங்க போகும்? படுத்துடும். மூணாவது ஈத்துக்கு மேல, நெறையக் கறக்கிற மாட்டுக்குத்தான் இது அதிகம் வரும்."

"அப்ப சினையில கால்சியம் டானிக் ஊத்துறது நல்லதுதானுங்களே?"

"அதுதாம்மா எல்லாரும் பண்ற தப்பு. கடைசி மூணு வாரம் டானிக்கை நிறுத்திடுங்க. வெளிய இருந்து வந்துட்டே இருந்தா எலும்பு சோம்பேறியாயிடும். கன்னு போட்டப்பறம் குடுங்க. முதல் ரெண்டு நாள் கன்னு குடிச்சது போக, கொஞ்சம் கொஞ்சமாத்தான் கறக்கணும். பாதிய மடியிலயே விடுங்க."

வேறு யாருக்கும் அது வெறும் தகவலாக இருந்திருக்கும். பானுமதிக்கு வெள்ளைப் பசு ஈன்ற நாள் ஞாபகம் வந்தது.

அவர்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பசு கன்று போட்டால் முதல் நாள் சீம்பால் ஒரு சொம்பு முனியப்பன் சாமிக்கு. மீதி தெருவில் எல்லா வீட்டுக்கும். வெள்ளைப் பசு ஈன்ற அன்றைக்குப் பானுமதி தன் பங்கை வாங்கிக்கொண்ட பிறகு, குழந்தைக்குப் பிடிக்கும் என்று நெளிந்த பித்தளைச் சொம்பை மறுபடியும் நீட்டினாள். சாலம்மாள் முகம் சுளிக்கவில்லை. திரும்பப் போய், காம்பில் சொட்டு வராத வரைக்கும் கறந்து கொண்டுவந்து ஊற்றினாள். அப்படியும் கடைசி வீட்டுக்குப் பால் எட்டவில்லை.

அந்தக் கடைசி வீட்டின் ஏக்கம்தான் பசுவைக் கொண்டுபோய்விட்டது என்று சாலம்மாள் இன்றுவரை நம்புகிறாள். ஐந்து வருஷம் மாடே வாங்காமல் இருந்தவள், போன வருஷம்தான் இரண்டு ஈத்துக் கண்ட செவலைப் பசு ஒன்றைப் பிடித்து வந்தாள். அதற்கும் இப்போது நிறைமாதம்.

முகாம் முடிந்த கையோடு பானுமதி சாலம்மாளிடம் போனாள். டானிக்கைப் பற்றிச் சொன்னதும் சாலம்மாள் பாட்டிலை எடுத்து மேலே வைத்துவிட்டாள். சீம்பாலைப் பற்றிப் பேச்செடுத்ததும் முகம் மாறியது.

"அது மட்டும் ஆகாது பானு. போன தடவை ஒரு வூடு விட்டுப்போயித்தான் என் மாடு போச்சு. இந்தத் தடவை ஒட்டக் கறந்து ஒரு வாளி நெறைய எடுத்து, ஒரு வூடு விடாம ஊத்துறேன்னு முனியப்பன்கிட்ட வேண்டியிருக்கேன்."

"அக்கா, அன்னைக்கு அந்த ரெண்டாவது சொம்பு…"

"கொழந்தைக்குத்தான குடுத்தேன்? அத நான் என்னைக்காவது நெனச்சிருப்பேனா?"

பானுமதி வீட்டுக்குத் திரும்பினாள்.

பங்குனி பிறந்ததும் பானுமதியின் பசு முதலில் ஈன்றது. கன்று குடித்தது போகக் கொஞ்சமாகக் கறந்தாள். தெருவுக்கு ஆளுக்கொரு சின்னத் தம்ளர்தான் கொடுத்தாள். எதிர்வீட்டுத் தர்மன் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, இது குடிக்கறதுக்கா, கண்ணுல விட்டுக்கறதுக்கா?"

"ரெண்டுக்கும் ஆகுமுங்க" என்று சிரித்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு வேளையும் கறந்ததில் மிச்சத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாள். எதற்கென்று வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலை சாலம்மாளின் செவலை ஈன்றது. கிடாரிக் கன்று. சாலம்மாளுக்கு வலது கட்டைவிரலில் நகச்சுத்தி. எலுமிச்சம்பழத்தைத் துளைத்துச் செருகியிருந்தாள். கன்று மடியை முட்டிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இந்த வெரல வச்சிக்கிட்டு என்னால முடியாது. நீயே கறந்துடு பானு. சொட்டு விடாத."

"சரிங்க்கா. நீங்க போயி அடுப்பப் பத்த வையுங்க. வெல்லம் தட்டி வையுங்க. வந்துடறேன்."

பானுமதி வீட்டுக்குப் போய் ஒரு கட்டைப்பையோடு திரும்பினாள். கொட்டகையில் அவளும் பசுவும் கன்றும்தான். வாளியை முழங்காலுக்கு இடையில் வைத்துக் கறக்க ஆரம்பித்தாள். மஞ்சளாக, கெட்டியாக இறங்கியது. கால் வாளி ஆனதும் கையை எடுத்துவிட்டாள். மடி இன்னும் கனமாகத் தொங்கியது. செவலை திரும்பிப் பார்த்தது. "போதும், மீதி உனக்கு" என்று அதன் தொடையைத் தட்டினாள்.

பையிலிருந்து தன் பசுவின் சீம்பால் இருந்த தூக்குப்போசியை எடுத்து வாளியில் சாய்த்தாள். பிறகு இன்னொன்று. அப்படியும் இரண்டு விரற்கடை குறைந்தது. பையின் அடியில், வாய் கட்டிய அந்த நெளிந்த பித்தளைச் சொம்பில் கடைசிப் பால் இருந்தது. ஒரு நிமிஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிறோமோ என்று ஒரு கணம் பயந்தாள். முனியப்பன் கணக்கை அவர் பார்த்துக்கொள்வார் என்று தோன்றியது. ஊற்றினாள். வாளி நிறைந்தது.

வாளியைப் பார்த்ததும் சாலம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முனியப்பனுக்கு ஒரு சொம்பு போனது. தெருவில் ஒரு வீடு விடவில்லை; கடைசி வீட்டுக்கு இரண்டு கரண்டி கூடுதலாகவே போனது. தர்மன் கிண்ணத்தை வழித்துக்கொண்டே, "குடுக்கறதுன்னா இப்பிடிக் குடுக்கணும். சில பேரு தம்ளர்ல காட்டிட்டுப் போறாங்க" என்றார்.

"அவங்களுக்குக் கை சின்னதுங்க" என்றாள் பானுமதி.

சாயங்காலம் சாலம்மாளே மேலே இருந்த டானிக்கை எடுத்துச் செவலைக்குப் புகட்டினாள். இருட்டுவதற்குள் ஒரு தடவை பானுமதி கொஞ்சமாகக் கறந்து கொடுத்தாள். "காலையில அவ்வளவு குடுத்துட்டு மாடு சளைச்சிருக்கும், போதுங்க்கா" என்றாள். சாலம்மாள் தலையாட்டினாள். வேண்டுதல்தான் தீர்ந்துவிட்டதே.

மறுநாள் விடியும்போது பானுமதி கொட்டகைக்குள் மெல்ல நுழைந்தாள். செவலை நின்றுகொண்டிருந்தது. கன்று அதன் மடியில் இருந்தது. அவள் காதைப் பிடித்தாள். கதகதப்பாக இருந்தது. இன்னொரு காதையும் பிடித்துப் பார்த்தாள்.

வாளிக்குப் பின்னால் நேற்று மறந்து வைத்த பித்தளைச் சொம்பு கிடந்தது. அதை எடுத்து, தொட்டித் தண்ணீரில் அலம்பி, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.