வேறு பூட்டு

பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதடுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள் மார்லிஸ். சமையலறைப் பக்கம் யாரோ பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டும் சத்தம் கேட்டது. தம்பி டுவேன்தான். அப்பாவின் கறுப்பு சூட்டை எடுத்துவரப் போயிருந்தான். இன்றைக்கோ நாளைக்கோ என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். பழைய வீட்டை விற்றுவிட்டு அப்பா மார்லிஸின் வீட்டுக்கு வந்தபோது, சாமான்களையெல்லாம் டுலூத் நகரத்துக்கு வெளியே வாடகைக் கிடங்கில் ஓர் அறை பிடித்து அடைத்திருந்தார்கள். சூட்டும் அங்கேதான் இருந்தது.

அவள் எழுந்து போனாள். டுவேன் வெறுங்கையோடு நின்றான்.

"அக்கா, வேற பூட்டு தொங்குது. போன மாசமே ஏலம் விட்டுட்டாங்களாம். அம்மா வாசிச்ச ஆர்கன், மேசை, எல்லாம் போச்சு."

"எதுக்கு?"

"அப்பாகிட்டேர்ந்து வாடகை வரலையாம்."

"அதுக்காக? சொல்லாம கொள்ளாம விக்க முடியாது டுவேன். நோட்டீஸ் அனுப்பணும். சட்டம் இருக்குல்ல?"

"நானும் அப்படித்தான் கத்தினேன். அங்க மேனேஜரா இருக்கிற பொம்பளை ஃபைலைத் திருப்பிக் காட்டினாங்க. பதிவுத் தபால், இந்த வீட்டு விலாசத்துக்கே. பேப்பர்லயும் விளம்பரம் போட்டிருக்காங்க. தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கினது யாரு தெரியுமா?" அப்பாவின் அறைப் பக்கம் தாடையால் காட்டினான். "சட்டம் உங்கப்பாவுக்குச் சொல்லச் சொல்லுது, சொல்லிட்டோம். பிள்ளைங்களுக்குச் சொல்லச் சொல்லலைங்கறாங்க."

மார்லிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். பல் ஆஸ்பத்திரி வேலைக்குப் பகலெல்லாம் அவள் போய்விடுவாள். படுக்கையில் விழும்வரை, தபால்காரர் வரும் நேரத்துக்கு அப்பா வாசலுக்குப் போய் நிற்பது அவளுக்குத் தெரியும். ஏரியில் பனி எவ்வளவு உறைந்திருக்கிறது, யார் தூண்டிலில் என்ன விழுந்தது என்று அந்த ஆள் சொன்னதையெல்லாம் சாயங்காலம் அவளிடம் ஒப்பிப்பார். இதை மட்டும் சொல்லவில்லை.

அறைக்குத் திரும்பினாள். அப்பா வெர்லின் கண் திறந்திருந்தார்.

"அவன் கத்தினானா?" குரல் காற்றாகத்தான் வந்தது.

"கொஞ்சம்."

"அந்தப் பொம்பளைகிட்ட சண்டைக்குப் போகாதீங்க. முறையாத்தான் சொன்னா. போன் வேற பண்ணினா, வந்து எடுத்துக்கறீங்களான்னு. வேணாம்னேன்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"சொன்னா என்ன பண்ணியிருப்பே? எல்லாத்தையும் இங்க கொண்டாந்து உன் ரூம்ல அடைச்சுட்டு, நீ சோபாவில படுத்திருப்பே." மூச்சு வாங்கியது. "இல்லைன்னா மாசாமாசம் நீ வாடகை கட்டியிருப்பே. நான் போனதுக்கு அப்புறமும்."

"சூட்டும் போச்சே."

"அந்தக் கட்டம் போட்ட சட்டையைப் போடு. சூட்டுல படுத்திருந்தா, யாரோ வேற ஆளுன்னு நினைச்சுட்டுச் சர்ச்சுலேர்ந்து எல்லாரும் திரும்பிப் போயிடுவாங்க."

அவள் சிரித்துவிட்டாள்.

"உனக்கு அதுல வேணுங்கறது ஏதாவது இருந்துச்சா?"

அம்மா மாவு பிசையும் மஞ்சள் கிண்ணம் அவள் கண் முன்னால் வந்தது. கலியாணமாகிப் போனபோதும் கேட்கவில்லை, அம்மா செத்தபோதும் கேட்கவில்லை. எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டாள்.

"ஒண்ணும் இல்லப்பா."

வெர்லின் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "காப்பி இருக்கா?" என்றார்.

விழுங்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். புதுப் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து, டுவேன் குடித்துக்கொண்டிருந்த கோப்பையில் தோய்த்து வந்தாள். அவர் அதை உதட்டால் கவ்விக்கொண்டார். விடவில்லை. அவளும் இழுக்கவில்லை.

மத்தியானம் மூச்சு இடைவெளி விட்டு வர ஆரம்பித்தது. டுவேன் வந்து காலடியில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாகப் பாதத்தைப் பிடித்துக்கொண்டான். அடுத்த மூச்சுக்காக இருவரும் காத்திருந்தார்கள். அது வரவில்லை.

சவ அடக்கக்காரர்களுக்குப் போன் செய்துவிட்டு, மார்லிஸ் கட்டம் போட்ட சட்டையை இஸ்திரி போட்டாள். காலரை முடித்துக் கையைத் திருப்பும்போது ஜன்னல் வழியே பார்த்தாள். டுவேன் மண்வாரியால் நடைபாதைப் பனியை அள்ளிக்கொண்டிருந்தான். ஸ்ட்ரெச்சர் வர வழி எப்போதோ ஆகிவிட்டது. அவன் நிறுத்தவில்லை. வெறுந்தலையோடு, பக்கத்து வீட்டு வாசலையும் தாண்டி, தெருமுனை வரைக்கும் அள்ளிக்கொண்டே போனான்.