தனிக்குறிப்பு

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. அந்த மாதம் முழுக்க என் கை மின்னஞ்சலைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. பல் துலக்கும்போது ஒரு தடவை, பஸ்ஸில் இரண்டு தடவை, அலுவலகத்தில் கணக்கே இல்லை. முப்பத்தாறு வயதில், கதை எழுதக் கற்றுத்தரும் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தவித்துக்கொண்டிருந்தேன். முடிவைச் சொல்லாமல் இழுத்தடிக்கும் பல்கலைக்கழகத்தின் மேல் கோபம். தவிக்கிற என் மேல் கோபம். "இன்னும் வரலையா?" என்று தினமும் கேட்கிற அக்காவின் மேல் கோபம். ஒருநாள் அவள் கேட்க மறந்துபோனாள். அன்றைக்கு அதற்கும் சேர்த்துக் கோபம்.

இரண்டு இடங்களுக்குப் போட்டிருந்தேன். ஒன்று பெரிய பல்கலைக்கழகம். பன்னிரண்டு இடம், எண்ணூறு பேர். இன்னொன்று ஊருக்கு வெளியே இருக்கும் சின்னக் கல்லூரி. இரண்டுக்கும் ஒரே கதையைத்தான் அனுப்பியிருந்தேன். 'மூன்றாம் வார்டு' என்று பெயர். அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாட்களைப் பற்றியது. இரண்டு வருடம் அடித்து அடித்து எழுதிய கதை. இந்த வருடம் எங்காவது சேர்ந்தால்தான் உண்டு, இல்லையென்றால் இப்படியே வேலைக்குப் போய் வந்து கிழவியாகிவிடுவேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

என் வேலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் ஒரு கடித நிறுவனத்தில் இருக்கிறேன். வங்கிகள், காப்பீட்டுக்காரர்கள், கல்லூரிகள் எல்லாம் மக்களுக்கு அனுப்புகிற கடிதங்களை நாங்கள் எழுதித் தருகிறோம். அவர்கள் பட்டியலை அனுப்புவார்கள். யாருக்கு 'ஆம்', யாருக்கு 'இல்லை', யாருக்கு 'பொறுங்கள்' என்று அதில் இருக்கும். அந்தந்த மாதிரிக் கடிதத்தில் பெயரைச் சேர்த்து நாங்கள் அனுப்பிவிடுவோம். எங்கள் பிரிவில் 'இல்லை' கடிதத்துக்கு நான்தான் பேர் போனவள். முதல் பத்தியில் நன்றி. இரண்டாம் பத்தியின் இரண்டாவது வாக்கியத்தில் மறுப்பு. 'வருந்துகிறோம்' ஒரே தடவை. காரணம் மட்டும் சொல்லவே கூடாது. சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு வாதாட வந்துவிடுவார்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெரிய பல்கலைக்கழகமும் எங்கள் வாடிக்கையாளர். அவர்களுடைய 'இல்லை' கடிதம் நான் எழுதியது. விண்ணப்பம் போட்டதை நானே போய்ப் பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். அவரை நாங்கள் பஞ்சு என்போம். என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர். எந்தக் கெட்ட செய்தியையும் பஞ்சில் பொதிந்துதான் கொடுப்பார். பிரிவில் ஒருவருக்குச் சம்பள உயர்வு கிடையாது என்று சொல்லப் போய், அரைமணி நேரம் அவருடைய கையெழுத்தைப் பாராட்டிவிட்டு விஷயத்தைச் சொல்லாமலே திரும்பி வந்த ஆள்.

"அப்போ இந்த வருஷம் அந்தக் கட்டு உங்ககிட்ட வராது. நானே பாத்துக்கறேன்" என்றார். நியாயமாகத்தான் பட்டது.

முதலில் சின்னக் கல்லூரியிலிருந்து வந்தது. இடம் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். அக்கா சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் வீட்டு மாடியறையில்தான் நான் இருக்கிறேன். மாமாவும் வந்து, "எழுத்தாளரம்மா, எங்களைப் பத்தி எழுதும்போது என் தொப்பையை மட்டும் விட்டுடும்மா" என்றார். நான் சிரித்தேன். ஆனால் மனசு அங்கே இல்லை. பெரிய இடத்திலிருந்து இன்னும் வரவில்லையே.

புதன்கிழமை அலுவலகத்துக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரி என் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தாள். ஐந்து வருடமாகக் காலை வணக்கம்கூடச் சொல்லாத கணினிக்காரர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்து, "சர்க்கரை சரியா இருக்கா?" என்று கேட்டார். பஞ்சு என் பக்கமே திரும்பவில்லை. பட்டியல் வந்துவிட்டது, எல்லோரும் பார்த்துவிட்டார்கள். என் தலையெழுத்து எனக்கு முன்னால் இந்த நாலு பேருக்கும் தெரிந்துவிட்டது. அந்தத் தேநீரைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் போலிருந்தது. குடித்துத் தொலைத்தேன்.

சாயங்காலம் கடிதம் வந்தது. முதல் பத்தியில் நன்றி. இரண்டாம் பத்தியின் இரண்டாவது வாக்கியம் என் வாக்கியம். நான் எழுதியதை எனக்கே அனுப்பியிருந்தார்கள். ஆனால் அதற்குக் கீழே, மாதிரிக் கடிதத்தில் இல்லாத இரண்டு வரிகள் இருந்தன.

'மூன்றாம் வார்டில் நர்ஸ் பேசும் இடம் எங்கள் குழுவினரின் மனதை விட்டு அகலவில்லை. அடுத்த ஆண்டு தாங்கள் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும், எதிர்பார்த்திருப்போம்.'

வேறு யாராக இருந்தாலும் இதை ஒரு மரியாதைப் பேச்சு என்று விட்டிருப்பார்கள். எனக்குத்தான் தொழில் தெரியுமே. எங்கள் கடிதம் எல்லாவற்றிலும் 'தனிக்குறிப்பு' என்று ஒரு காலி இடம் உண்டு. வாடிக்கையாளர் தரப்பில் யாராவது, யாரோ ஒருவருக்கென்று எதையாவது சொல்ல விரும்பினால், பட்டியலில் அதற்கான கட்டத்தில் எழுதி அனுப்புவார்கள். எங்களுக்கு அதில் கைவைக்க உரிமை கிடையாது. ஒன்பது வருடத்தில் அது நிரம்பி வந்து இரண்டே தடவைதான் பார்த்திருக்கிறேன். எண்ணூறு பேரில் என் கதையை ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டு, மெனக்கெட்டு இதை எழுதியிருக்கிறார். அதுவும் எந்த இடத்தை? கதை முழுக்க அந்த நர்ஸ் பேசுவது மூன்றே வரி. அந்த மூன்று வரியைப் பிடித்திருக்கிறார்கள் என்றால் எப்பேர்ப்பட்ட வாசிப்பு! மாடியறையில் தனியாக நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

வியாழக்கிழமை முழுக்க யோசித்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் சின்னக் கல்லூரிக்கு 'இல்லை' எழுதினேன். ஒரு வருடம் காத்திருந்தால் பெரிய இடமே கூப்பிடப் போகிறது, நடுவில் இதெதற்கு?

அக்கா கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "கிடைச்ச இடத்தை யாராவது வேணாம்பாங்களா? உனக்கென்ன கிறுக்கா?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. அந்தக் குறிப்புக்கு என்ன அர்த்தம்னு எனக்குத்தான் தெரியும்" என்றேன்.

பத்து நாள் கழித்து, அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்காக அனுப்பிய கடிதங்களைப் பட்டியலோடு சரிபார்க்கும் வேலை என் மேஜைக்கு வந்தது. முடிவுகள் வெளியாகிவிட்டதால் இனி நான் பார்க்கலாம் என்று பக்கத்து மேஜைக்காரி தள்ளிவிட்டாள். பஞ்சு வெளியே ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் தடுத்திருப்பார்.

வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் எண் வந்தது. முடிவு: இல்லை. தனிக்குறிப்பு: கட்டம் காலியாக இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். காலிதான். எண்ணூறு வரியிலும் அந்தக் கட்டம் காலிதான். கடிதத்தில் மட்டும் இரண்டு வரி இருந்தது. யார் சேர்த்தது என்று பதிவில் பார்த்தேன். பஞ்சு. புதன்கிழமை, காலை பதினொன்று பத்து. நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம்.

அவர் திரும்பி வரும்வரை நான் எழுந்திருக்கவே இல்லை. வந்ததும் கூட்ட அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"அந்தக் குறிப்பு நீங்க எழுதினதா?"

அவர் முகம் வெளுத்துப்போய்விட்டது. "உங்க முகத்தைப் பாத்தேங்க. அதை அப்படியே அனுப்ப மனசு வரல. ரெண்டு வரி ஆறுதலா இருக்கட்டுமேன்னு..."

"நர்ஸைப் பத்தி எப்படித் தெரியும்? கதையைப் படிச்சீங்களா?"

"இல்ல. பட்டியல்ல தலைப்பு இருந்துச்சு. மூணாம் வார்டுன்னு போட்டிருந்துச்சு. வார்டுன்னா ஒரு நர்ஸ் இல்லாமலா இருப்பாங்க?"

எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அறையலாம் என்றிருந்தது. அந்த நர்ஸை நினைத்து எத்தனை தடவை பூரித்துப் போயிருப்பேன்! பஸ்ஸில் அந்த மூன்று வரியை எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன்.

"கையில இருந்த இடத்தை விட்டுட்டேன், சார். இதை நம்பி சின்னக் கல்லூரிக்கு வேணாம்னு எழுதிட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான் அவங்களுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாக்கட்டுமா?" என்றார்.

"கடிதம் எழுதினது போதும். இப்ப, என் எதிர்ல, போன் பண்ணுங்க. நீங்க செஞ்சதை உங்க வாயால சொல்லுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டார். கல்லூரிச் சேர்க்கைப் பிரிவில் ஒரு அம்மா எடுத்தார். பஞ்சு இங்கே சுற்றி, அங்கே சுற்றி, மழை வெயில் எல்லாம் விசாரித்தார். நான் மேஜையைத் தட்டினேன். பிறகு சொன்னார். தான் ஒரு பொய் எழுதியதையும், அதை நான் நம்பியதையும், விட்டு விட்டுச் சொல்லி முடித்தார்.

அந்த அம்மா, "அடடா. பொதுவா யாராவது வேணாம்னு எழுதினா மூணு நாள் பொறுத்து ஒரு தடவை கூப்பிட்டுக் கேப்போம். சிலர் மனசு மாறுவாங்க. இவங்க கடிதத்தைப் பாத்ததும் அதுக்கு அவசியமே இல்லைன்னு பட்டுச்சு. அவ்வளவு தெளிவா இருந்துச்சு. அன்னைக்கே அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டோம்" என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, "ரொம்ப அழகான கடிதம். எங்க ஆபீஸ்ல எல்லாரும் படிச்சோம்" என்றார்.

பஞ்சு போனை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. கலங்க வேண்டியவள் நான். அதையும் இவரே எடுத்துக்கொண்டால் எனக்கு என்னதான் மிச்சம்?

"வருத்தப்படாதீங்க. நீங்க நல்லா எழுதறவங்க. கண்டிப்பா ஒருநாள்..." என்று ஆரம்பித்தார்.

"எப்படித் தெரியும்?"

"ம்?"

"நான் நல்லா எழுதறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு வரி படிச்சதில்ல. இந்த ஆபீஸ்ல ஒருத்தர் படிச்சதில்ல. அக்கா படிச்சதில்ல. எல்லாரும் நல்லா எழுதறே, நல்லா எழுதறேங்கறீங்க. எல்லாரும் தேநீர் கொண்டாந்து வைக்கறீங்க!" கூட்ட அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று தலைகள் திரும்பின. நான் குரலைக் குறைக்கவில்லை.

போய் என் பையிலிருந்து கதையை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டேன். இருபத்தாறு பக்கம்.

"படிங்க. முடிக்கறவரைக்கும் ரெண்டு பேரும் இங்கதான். படிச்சிட்டு நிஜத்தைச் சொல்லுங்க. பஞ்சு வச்சுச் சொன்னீங்கன்னா இந்தப் பதிவை எடுத்துட்டு நேரா மேலிடத்துக்குப் போவேன்."

அவருக்கு அப்படியொரு பெயர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். நான் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் சிரித்தார். நான் சிரிப்பதற்காக எழுதிய இடம்தான். ஓரிடத்தில் திருப்பிய பக்கத்தை மறுபடி முன்னால் திருப்பிப் படித்தார். அப்புறம் வேகம் கூடியது. கடைசிப் பக்கங்களைச் சும்மா தள்ளிக்கொண்டு போனார்; அது எனக்குத் தெரியாமல் போகுமா?

படித்து முடித்துத் தாள்களை அடுக்கினார். வெகுநேரம் அடுக்கினார்.

"சொல்லுங்க."

"முதல் பாதி..." தாள்களை மேஜையில் வைத்தார். "முதல் பாதி எனக்கு மூச்சு முட்டுச்சுங்க. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரி வராந்தாவுல தனியா உக்காந்திருக்கறது. அவ கோபம். அதெல்லாம் நிஜம். அப்புறம் எல்லாரும் நல்லவங்களா ஆயிடறாங்க. எனக்கு நம்பிக்கை வரல."

"எந்த இடத்துல?"

"வேணாங்க."

"எந்த இடத்துலன்னு கேட்டேன்."

அவர் தாள்களைப் புரட்டி ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். பதினேழாம் பக்கம். கோபத்தில் என் காது இரண்டும் அடைத்துக்கொண்டது. தவறாகச் சொல்லியிருந்தால் அந்தத் தாளை அவர் முகத்தில் எறிந்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

பதினேழாம் பக்கத்தில் அக்கா வார்டுக்குள் ஓடிவருகிறாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இத்தனை நாள் வராமலிருந்ததற்குத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நிஜத்தில் அக்கா பத்தாம் நாள் வந்தாள். எதற்கும் மன்னிப்புக் கேட்கவில்லை. பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு, கான்டீன் எந்தப் பக்கம் என்று கேட்டாள். அதை அப்படியே எழுத எனக்கு மனசு வரவில்லை.