பதிமூணாவது தானியம்

என் நாத்தனார் தார்ஹேலியாவைப் போன புனித வெள்ளியில இருந்து இந்தப் புனித வெள்ளி வரைக்கும் நெஞ்சுல வெச்சுக் கறுவிக்கிட்டே இருந்தேன். பாவம்னு யாராச்சும் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். வயிறு கிழிஞ்சது எனக்குத்தானே!

எனக்குக் குடல்ல தீராத அழற்சி. பத்து வருஷமா புண்ணு வர்றதும் ஆறுறதுமா, ஒரு இடத்துல தழும்பு இறுகி வழி சுருங்கிப் போச்சு. "சாப்பாட்டால வந்த தழும்பு இல்லம்மா இது. ஆனா சுருங்கின இடத்துல தோலு, நாரு போய் மாட்டுச்சுன்னா அடைச்சுக்கும். எதையும் தோலுரிச்சு, குழைய வேகவெச்சுச் சாப்பிடு"ன்னாரு டாக்டர்.

எங்க ஈக்வடார் மலையூரு ரியோபாம்பாவுல புனித வெள்ளி மத்தியானம் ஃபனேஸ்கா இல்லாம கழியாது. பரங்கிக்காய், பால், உப்புக் கருவாடு போட்ட கெட்டிக் கூழ்ல, பன்னிரண்டு அப்போஸ்தலருக்குப் பன்னிரண்டு தானியம். முந்தின நாள் பூரா வீட்டுப் பொம்பளைங்க சுத்தி உட்கார்ந்து மொச்சையை ஒவ்வொண்ணா பிதுக்குவோம். கிளறிப் பரிமாறுற அகப்பை வீட்டு மூத்த பொம்பளைக்கு. மாமியார் போனதுக்கப்புறம் அது தார்ஹேலியா கையில. எனக்கு மட்டும் சோளம் போடாம தனிச் சட்டி.

அந்தச் சட்டிதான் அவ கண்ணை உறுத்துச்சு. "எங்களுக்கெல்லாம் வயித்துவலின்னா ஒரிகானோ கஷாயம். இவளுக்குத் தனிச் சமையலாம்!"

போன வருஷம் நான் காய்ச்சல்ல கிடந்தேன், உரிக்கப் போகலை. மறுநாள் நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் தார்ஹேலியா என் வாயையே பாத்துக்கிட்டிருந்தா. முடிச்சதும் கையைத் தட்டினா. "பாத்தீங்களா? மகாராணி சட்டியில மொச்சையைத் தோலோட நறுக்கிப் போட்டேன். ஒண்ணும் ஆகலையே! எல்லாம் நடிப்பு!"

எல்லாரும் சிரிச்சாங்க. என் புருஷன் ரோமுலோவும் சிரிச்சான். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மூணாம் நாள் குடல் அடைச்சு, வாந்தி எடுத்து, வயித்தைக் கிழிச்சு ஒரு சாண் குடலை வெட்டி எடுத்தாங்க. பூவோட பாக்க வந்தா தார்ஹேலியா. வெளிய போய், "சந்தையில சுட்ட சோளத்தைத் தின்னுட்டு என் மேல பழி போடுறா. நான் விளையாட்டுக்குச் சொன்னேன், உரிச்சுத்தான் போட்டேன்"னு தெருவெல்லாம் சொன்னா. ஊரும் நம்புச்சு.

ஆனா அடைச்சிருந்ததை டாக்டர் எனக்குக் காட்டியிருந்தாரு. நான் கேட்டதும் நர்ஸ் ஒரு சின்ன பாட்டில்ல மருந்துத் தண்ணி ஊத்திப் போட்டுக் கொடுத்தா. ஒரு வருஷம் ஒளிச்சு வெச்சிருந்தேன். "விட்டுடு எல்வியா, அக்காதானே"ன்னான் ரோமுலோ. "வெட்டினது உன் குடலா இருந்தா விட்டிருப்பியா?"ன்னேன்.

இந்த வருஷம் எல்லாருக்கும் பரிமாறியாச்சு. மாமனார் அப்தோன் ஜெபம் சொல்லி முடிச்சாரு. யாரும் வாயில வைக்கிறதுக்கு முன்னாடி பாட்டிலை மேஜை நடுவுல வெச்சேன்.

"என்னடி இது?"ன்னா தார்ஹேலியா.

"பதிமூணாவது தானியம், அண்ணி. போன வருஷம் நீங்க எனக்குப் போட்டது. என் குடல்ல இருந்து எடுத்தாங்க."

"ஐயையோ, பொய்! அது சோளத் தோலு!"

மாமனார் பாட்டிலை வாங்கி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அறுபது வருஷம் மொச்சை விதைச்ச மனுஷன். "மொச்சைத் தோல்தான்"ன்னாரு. அப்புறம் தன் கிண்ணத்தை ஸ்பூனால கிளறித் தேட ஆரம்பிச்சாரு. ரோமுலோவும் கிளறினான். மேஜை முழுக்க ஸ்பூன் சத்தம்தான். ஒருத்தரும் சாப்பிடலை.

"சத்தியமாப்பா, இந்த வாட்டி எல்லாத்தையும் உரிச்சேன்! கையைப் பாருங்க!" நகமெல்லாம் கறுத்துப் பிஞ்சிருந்துச்சு. அழுதா.

"அகப்பையை எல்வியாகிட்ட கொடு"ன்னாரு மாமனார்.

அவ உரிச்சது நிஜம். முந்தின நாள் எதிர்ல உட்கார்ந்து நானே பாத்தேன், ஒரு தோலு விடலை. "ஆமா மாமா, உரிச்சாங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், மேஜையில எல்லாரும் சாப்பிட்டிருப்பாங்க. நான் சொல்லலை. பரிமாறினவ கடைசியாத்தான் சாப்பிடணும், அவ கிண்ணம் காலியா இருந்துச்சு. அகப்பையை வாங்கி அந்தக் கிண்ணம் நிறைய ஊத்தி, அவ முன்னாடி தள்ளினேன்.

"சாப்பிடுங்க அண்ணி. ஒண்ணும் ஆகாது."