பெற்றோர் அறையில் ஒரு நாயகன்

1

இந்தக் கதை எனக்குத் தூக்கத்தில் கிடைத்தது. கற்பனை ஊற்றெடுத்தது என்று பீற்றிக்கொள்ள ஆசைதான். உண்மை என்னவென்றால், ஜப்பானியக் கார்ட்டூன் ரசிகர்கள் இந்தப் பெருநகரத்தில் முதன்முதலாகக் கூட்டிய மாநாட்டுக்கு அக்கா மகளை அழைத்துப் போனேன். வாசலிலேயே என்னைக் கழற்றிவிட்டாள். ("மாமா, கார்ட்டூன்னு சொல்லாதீங்க, அனிமே. யார் காதுலயாவது விழுந்தா என் மானம் போயிடும்.") 'பெற்றோர் ஓய்வறை' என்று காகிதம் ஒட்டிய அறையில், மின்விசிறிக்கு நேர்கீழே வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன். விழித்தபோது கதை பாதி நடந்து முடிந்திருந்தது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'மாநகரத்தின் இரும்பு இதயத்தில் அன்று ஆயிரம் கனவுகள்...' (இதயம் ஏன் இரும்பாக இருக்க வேண்டும்? எனக்கே தெரியவில்லை. நிறுத்திவிட்டேன்.)

'உலகமயச் சூழலில் ரசிக மனத்தின் கட்டமைப்பை அணுகும்போது...' (கொட்டாவி வந்தது. எனக்கு.)

'நீலமுடி வாசலில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்.'

இது போதும். குறைந்தபட்சம் உண்மை.

3

நீலமுடிதான் மாநாட்டை நடத்தியவர். தலையில் நீல நிற டோப்பா, இடுப்பில் அட்டைக் கத்தி. மற்ற நாட்களில் லிஃப்ட் மெக்கானிக். வாசகர்கள் நம்ப மாட்டார்களே என்று இரண்டாம் வரைவில் அவரைக் கணினிப் பொறியாளராக்கினேன். மனிதர் வாயே திறக்காமல் உம்மென்று உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் மெக்கானிக் ஆக்கினேன், பேசினார்.*

அவர் பள்ளி நாட்களில் தமிழ் டப்பிங்கில் பார்த்த தொடரின் நாயகன் ஒரு பொடியன். அடிபட்டு விழும்போதெல்லாம் எழுந்து, "நான் இன்னும் இருக்கேன்!" என்று கத்துவான். லிஃப்ட் நடுவழியில் நின்று உள்ளே ஆட்கள் அலறும்போது, மேலே இருட்டுக் குழியில் தொங்கியபடி நீலமுடி அதைத்தான் முணுமுணுப்பாராம். அந்தத் தமிழ்க் குரலை ஒருமுறை நேரில் கேட்க வேண்டும். அதற்காகத்தான் மண்டபம், மேடை, ஒலிபெருக்கி எல்லாம். இதை அவர் குழுவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

(* பின்னால் டீ குடிக்கும்போது அவரே சொன்னவை. நான் கண்டுபிடித்தது எதுவுமில்லை, டோப்பாவின் நிறத்தைத் தவிர. அது பச்சை. 'பச்சைமுடி' வாயில் நிற்கவில்லை.)

4

அந்தப் பொடியனின் ஜப்பானியக் குரல் ஒரு பெண்மணியுடையது என்பது அங்கே வந்த வாண்டுகளுக்குக்கூட அத்துப்படி. அவர் பிறந்த ஊர்வரை சொல்வார்கள். தமிழில் பேசியது யார் என்று மட்டும் ஒருவரும் யோசித்ததில்லை. நீலமுடி ஒலிப்பதிவுக் கூடத்து மேலாளரிடம் "குரல் கொடுத்தவரை அனுப்பி வைங்க சார்" என்று கேட்டார், அவ்வளவுதான். வாசலில் 'குரல் அண்ணனே வருக!' என்று ஆளுயரத்துக்குப் பலகை வைத்தார்.

அண்ணன் வரவில்லை. அரங்கம் "அண்ணா! அண்ணா!" என்று அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் பேச முடியாமல் நீலமுடி எங்கள் அறைக்குள் ஓடிவந்து மேலாளரைக் கைப்பேசியில் பிடித்தார்.

"சார், அண்ணன் இன்னும் வரலையே!"

"எந்த அண்ணன்யா? அந்தம்மா காலையிலயே கிளம்பி வந்தாங்களே!"

கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. தூக்கம் போச்சு. நீலமுடி மெல்லத் திரும்பினார். ஜன்னலோரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா. காலையில் "உங்க பையன் என்ன வேஷம்மா?" என்று விசாரித்து, பதிலுக்குக்கூடக் காத்திராமல் அவரை அங்கே உட்கார வைத்ததே நீலமுடிதான்.

"அம்மா... நீங்களா?"

"நான்தான் தம்பி." கரகரத்த, தேய்ந்த குரல். "பலகையில அண்ணன்னு போட்டிருந்துச்சு. வேற யாரையோ கூப்பிட்டிருக்காங்க, என்னைத் தவறுதலா வரச் சொல்லிட்டாங்கன்னு நினைச்சேன். வெயில் தாழட்டும், போகலாம்னு உக்காந்திருக்கேன்."

நீலமுடி தலையில் அடித்துக்கொண்டார். டோப்பா கழன்று தரையில் விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் அந்த அம்மாவின் எதிரே மண்டியிட்டார்.

"ஒரே ஒரு தடவை, அந்த வசனம்..."

"அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். தொண்டையில ஆபரேஷன் ஆயிருச்சு. அந்தப் பையன் உள்ள இருக்கானா இல்லையான்னு எனக்கே தெரியாது. வீட்டுல முயற்சி பண்ணிக்கூடப் பாக்கலை. பயம்."

வெளியே அண்ணனை அழைக்கும் சத்தம் இன்னும் கூடியது. அந்த அம்மா மடியிலிருந்த கைப்பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"மேடையெல்லாம் அப்புறம். இங்க, உனக்கு மட்டும் சொல்லிப் பாக்கறேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?"

5

சொந்தக் கதையிலிருந்தே வெளியே அனுப்பப்பட்ட ஆசிரியனை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கதவில் காதை ஒட்டவைத்தேன். அரங்கத்து இரைச்சலில் ஒரு மண்ணும் கேட்கவில்லை.

ஆகவே நானே எழுதிப் பார்த்த சில முடிவுகள். குரல் அப்படியே வந்தது, பன்னிரண்டு வயதுத் துள்ளலோடு. (பொய். எழுதும்போதே கை கூசுகிறது.) குரல் பாதியில் உடைந்தது, அரங்கமே சேர்ந்து அந்த வசனத்தை... (இதற்கு நானே அழுதேன். அதனால்தான் அடித்துவிட்டேன். இப்படி அழுவது எனக்குப் பழக்கம்.) குரல் வரவேயில்லை, அந்த அம்மா பின்வாசல் வழியாக...

நடந்தது இவ்வளவுதான். கதவு திறந்தது. நீலமுடி வெறுந்தலையோடு வந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"சொன்னாங்களா?" என்றேன்.

"சொன்னாங்க."

"எப்படி இருந்துச்சு?"

"அது எனக்குச் சொன்னது சார்."

அந்த முகத்தை நன்றாகப் பார்த்தேன், தொழில் அதுதானே. அவர் கேட்டது அந்தப் பழைய குரலா, உடைந்துபோன குரலா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரிதான் அழுதிருப்பார் என்று படுகிறது. அவருக்குப் பின்னால் அந்த அம்மா கைப்பையோடு எழுந்து நிற்கிறார். இடது பக்கம் மேடை, வலது பக்கம் தெரு. வழிவிடுங்கள், அவர் வருகிறார்.