மேல் லயத்துக்குத் திரும்பிய சிலுவை

பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவரை அடிப்பதற்கு எங்கள் தோட்டத்து டிவிசனில் எப்போதும் ஆள் தட்டுப்பாடு. வேதக்காரக் குடும்பங்கள் குறைவு. இருக்கிற பையன்கள் பேதுருவாக வருவார்கள், யோவானாக வருவார்கள், பிலாத்துவாகக்கூட வருவார்கள். சவுக்கைக் கையில் கொடுத்தால் மட்டும் பின்வாங்கிவிடுவார்கள். அதனால் சிலுவைப் பாதைக்குச் சேவகர்கள் வருடாவருடம் முருகன் கோயில் பக்கமிருந்துதான் போவார்கள். இதில் யாருக்கும் மனத்தாங்கல் கிடையாது. அடிப்பவனுக்கு மத்தியானம் கஞ்சி உண்டு.

நான் அழகையா. பூனாகலைப் பக்கம், மேல் லயத்து வரிசை வீடுகளில் ஒன்று. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற வேலை. காமன் கூத்தில் எமன் வேசம் கட்டுகிறவன் என்றால் பக்கத்துத் தோட்டங்களிலும் தெரியும். என் எமன் பயங்கரமானவன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் என்னைக் கண்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மகள் மதுஷா போனபிறகு அந்த வேசத்தைத் தொடவில்லை. மீசை மட்டும் தகரப் பெட்டிக்குள் கிடந்தது.

போன வருடம் அந்த மீசையைத் தட்டி எடுத்துக்கொண்டு உபதேசியார் மத்தேயுவிடம் நானாகவே போனேன்.

"இந்த வருசம் சேவகன் நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அழகையாண்ணே, ஆண்டவரா வேசம் கட்டுறது யாருன்னு தெரியும்ல?"

"தெரிஞ்சுதான் வந்தேன்."

உபதேசியாரின் கண் கலங்கிவிட்டது. "ஆண்டவர் வேல செய்றாரு, அண்ணே."

நானும்தான் உள்ளுக்குள் ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன்.

ஆண்டவராக வரப்போகிறவன் றொபின்சன், கீழ் லயத்துப் பையன். த்ரீவீல் ஆட்டோ ஓட்டினான். பண்டாரவளையில் ஏ.எல். வகுப்பு முடிந்து வந்த என் மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சாராயத்தை வயிற்றில் ஏற்றிக்கொண்டு, ஒரு வளைவில் வண்டியைத் தேயிலைக்குள் உருட்டினான். அவனுக்கு நெற்றியில் தையல். அவளைப் பெட்டியில் கொண்டுவந்தோம். வழக்கு நடந்தது. பதுளை மறியல் கம்பிகளுக்குள் கொஞ்சக் காலம் இருந்தான். குடிகாரனாகப் போனவன் பரிசுத்தவானாகத் திரும்பி வந்தான்.

அதோடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். சனிக்கிழமை செபக்கூட்டத்தில் அவன் சாட்சி சொல்ல ஆரம்பித்தான். ஸ்பீக்கரை எங்கள் லயத்தைப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். "என் பாவத்தையெல்லாம் அவரு சொமந்துட்டாரு! அவரு ரத்தம் என்னயக் கழுவிருச்சு!" என்பது ஒரு சொல் சிந்தாமல் எங்கள் இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்து சேரும். என் மனைவி ரெங்கம்மா அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அத்தனை சாட்சியிலும் மதுஷா என்ற பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. 'என் பாவம்' என்று மட்டும் வரும். பெற்று வளர்த்துச் சீருடை மடித்துக் கொடுத்த பிள்ளை, இன்னொருத்தன் சட்டையில் பட்ட அழுக்காகிவிட்டாள். அதையும் கழுவியாயிற்றாம்.

அதற்குமுன் இயேசுவோடு எனக்கு எந்தத் தகராறும் இல்லை. நல்ல மனுசன், பாவம், அநியாயமாகச் செத்தார் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது ராத்திரியில் படுத்துக்கொண்டு அவரோடு சண்டை பிடித்தேன். இவனுக்காகச் செத்தீர், சரி. சாகுமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீரா? அவள் அம்மாவிடம் கேட்டீரா? எங்கள் காமனும்தான் சாகிறான். சிவனே எரிக்கிறார். ஆனால் ரதி விடமாட்டாள். மண்ணில் புரண்டு, மார்பில் அடித்து, சிவனிடமே நியாயம் கேட்பாள். பறிகொடுத்தவளுக்குப் பதில் சொல்லாமல் எங்கள் கூத்தில் கடவுளால்கூடக் கதையை முடிக்க முடியாது. உம்முடைய கதையில் அந்த ரதி எங்கே?

அவர் பதில் சொல்லவில்லை. ஆகவே பழிவாங்குவது என்று முடிவெடுத்தேன்.

கத்தியெடுக்கிற ஆள் நானில்லை. வீட்டில் கோழியறுப்பதே ரெங்கம்மாதான். என் தகுதிக்கு இரண்டு திட்டம் போட்டேன். ஒன்று, சவுக்கு. உபதேசியார் கொடுத்தது சேலைக் கிழிசலைப் பின்னிச் சிவப்புச் சாயத்தில் நனைத்தது. அதற்குள் கயிற்று முடிச்சுகளை வைத்துக் கட்டினேன். இரண்டாவது, சிலுவையில் தொங்குகிறவருக்குச் சேவகன் பஞ்சில் வினாகிரி, அந்தப் புளிக்காடி, நனைத்து நீட்டுகிற கட்டம். வழக்கமாகத் தண்ணீர்தான் நனைப்பார்கள். நான் நிஜ வினாகிரியில் கொச்சிக்காய் மிளகாயை அரைத்துக் கலக்கி, போத்தலில் ஊற்றி இடுப்பில் சொருகிக்கொண்டேன்.

பெரிய வெள்ளி. பிஸ்கட் டின் கவசம், எமன் மீசை, என் கையில் கயிறு. கயிற்றின் மறுமுனை றொபின்சன் இடுப்பில். அவன் தோளில் சவுக்கு மரச் சிலுவை, தலையில் டோப்பா, அதன்மேல் காகிதப்பூச் செடியின் முள்முடி. எங்களுக்குப் பின்னால் உபதேசியாரும் மைக்கும், ஸ்பீக்கரைச் சுமந்த பையன்களும், வெள்ளைச் சேலைப் பெண்களும்.

அடித்தேன். முடிச்சு முதுகில் பட்டதும் அவன் உடம்பு துள்ளியது.

"என்னா நடிப்பு!" என்றார் யாரோ.

இன்னும் அடித்தேன். ஏற்றம், வெயில், தகரம். தொண்டை வறண்டு, உள்ளே என்ன இருக்கிறது என்பதை மறந்து, இடுப்பிலிருந்த போத்தலை உருவி ஒரு பெரிய மிடறு குடித்தேன்.

பழிவாங்கலின் முதல் சொட்டு என் தொண்டைக்குள் இறங்கியது. மூக்கு, காது, எல்லா வழியாகவும் புகை வந்தது போலிருந்தது. இருமி, குனிந்து, கண்ணீர் தாரை தாரையாகக் கொட்ட நின்றேன். உபதேசியார் மனைவி நேசராணி பின்னாலிருந்து கத்தினாள்.

"பாருங்கடி, சேவகன் அழுறாரு! ஆண்டவர் தொட்டுட்டாரு!"

பெண்கள் பாட்டை உரத்துப் பாடினார்கள். தொட்டது கொச்சிக்காய் என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

அந்த ஆத்திரத்தையும் சேர்த்து ஓங்கி அடித்தேன். றொபின்சன் சிலுவைக்கடியிலிருந்து முகத்தைத் திருப்பினான். மெதுவாகச் சொன்னான். "இன்னும் அடிங்க மாமா. நீங்க அடிக்க அடிக்க எனக்கு லேசாகுது."

கை அப்படியே நின்றுவிட்டது. இவனைக் கிழிக்க வந்தவன் நான். இப்போது இவனைத் துவைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அதுவும் கூலி வாங்காமல். ஒரு கஞ்சிக்கு.

சவுக்கைத் தேயிலைக்குள் வீசினேன்.

"லேசாகுதா? வா."

பாதை அங்கே பிரிகிறது. இடது பக்கம் மலை உச்சி, கல்வாரி. வலது பக்கம் மேல் லயம். சிலுவைப் பாதை ஒருநாளும் வலது பக்கம் திரும்பியதில்லை. நான் கயிற்றை வலப்பக்கம் இழுத்தேன். கயிறு போன பக்கம் ஆண்டவர் போனார். ஆண்டவர் போன பக்கம் சனம் போயிற்று. அதுதான் வழக்கம்.

"அண்ணே! இந்தப் பக்கம், இந்தப் பக்கம்!" என்று உபதேசியார் மைக்கிலேயே கத்தினார். யார் காதிலும் ஏறவில்லை. பாட்டு அவ்வளவு உருக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் வாசலில் நிறுத்தினேன். ரெங்கம்மா வெளியே வருவாள், இவனைப் பார்ப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள், மலை கேட்கச் சபிப்பாள். நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவள் சூடம் ஏற்றிய தட்டோடு வந்தாள்.

முருகன் தேர் வந்தாலும் மாதா தேர் வந்தாலும் வாசலில் நிற்கிற சாமிக்குத் தட்டுக் காட்டாமல் இருக்கிற லயமா எங்களது? பாட்டுச் சத்தம் கேட்டிருக்கிறாள். முக்காடு போட்டு, தலை குனிந்து, தட்டை மூன்று முறை சுற்றினாள். என் பழி என் கண்முன்னே ஆரத்தி வாங்கிக்கொண்டு நின்றது. அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது எனக்கு.

விபூதி பூசக் கையை உயர்த்தியபோதுதான் முகத்தைப் பார்த்தாள். நெற்றித் தையலில் கண் நின்றது.

"றொபினு."

பாட்டு முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மெல்ல மெல்ல அறுந்தது.

"தட்டு சாமிக்குக் காட்டுனது. அது சாமிக்கு. இப்ப அந்த முடியக் கழட்டு."

அவன் சிலுவையை இறக்கினான். முள்முடியையும் டோப்பாவையும் கழற்றினான். அடியில் அவனுடைய மொட்டைத் தலை வேர்த்துப்போயிருந்தது.

"யாருகிட்ட மன்னிப்புக் கேட்ட?"

"ஆண்டவர்கிட்ட, அத்த."

"அவரா பெத்தாரு?"

உபதேசியார் முன்னால் வந்தார். "தங்கச்சி, அவரு எல்லாருக்காகவும்..."

"நீங்க சும்மா இருங்கண்ணே."

றொபின்சன் கையிலிருந்த டோப்பாவைப் பிசைந்தான். "அவரு எனக்காகச் செத்தாரு, அத்த."

"ஒனக்காகச் செத்தவரு இருக்கட்டும். ஒன்னால செத்தவ பேரச் சொல்லு."

அவன் வாய் திறந்து மூடியது. சாட்சி சொல்கிற வாய், ஆற்றுத் தண்ணீர் போல ஓடுகிற வாய். உபதேசியார் மைக்கை நிறுத்த மறந்திருந்தார்.

"மதுஷா," என்றான்.

ஸ்பீக்கர் அதை எடுத்துக்கொண்டு போய் எதிர்மலையில் அடித்தது. அந்தப் பெயர் அவ்வளவு சத்தமாக மலையில் கேட்டு நாளாகிவிட்டது. நான் திரும்பிக்கொண்டேன். கொச்சிக்காய் எரிச்சல் இன்னும் இருந்தது.

"மன்னிச்சுருங்க, அத்த."

"மாட்டேன்."

கத்தவில்லை. உப்பு இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள்.

"நீ வந்து கேக்கணும். நான் மாட்டேன்னு சொல்லணும். என்னைக்காவது வேற மாதிரி சொல்லுவேனோ என்னமோ, தெரியாது. அது ஒனக்கும் எனக்கும் உள்ளது. நடுவுல யாரும் சாகத் தேவயில்ல."

குனிந்து முள்முடியை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்து, உபதேசியார் கையில் கொடுத்தாள். "சாமியக் கூட்டிட்டுப் போங்கண்ணே. வெயில்ல நிக்குது."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சனம் இருக்கிறதே, எதையும் பாதியில் விடாது. மறுபடி உச்சிக்குப் போனோம். அவனைச் சிலுவையில் கட்டினேன். நான் நல்லவனாகிவிட்டேன் என்று யாரும் தவறாக நினைத்துவிடக்கூடாது. வினாகிரிக் கட்டம் வந்ததும் போத்தலில் மிச்சமிருந்ததைப் பஞ்சில் நனைத்து, கம்பில் குத்தி நீட்டினேன். முழுவதையும் உறிஞ்சினான். முகம் சுளிக்கவில்லை.

அடுத்து 'எல்லாம் முடிந்தது' என்று சொல்லி அவன் தலையைச் சாய்க்க வேண்டும்.

சொல்லவில்லை.

"சொல்லு, றொபினு. எல்லாம் முடிந்தது!" உபதேசியார் கீழேயிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார்.

அவன் மேல் லயத்துப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "இல்ல, உபதேசியாரே," என்றான். "முடியல."

கடைசியில் உபதேசியாரே மைக்கில் அந்த வசனத்தைச் சொல்லி முடித்துவைத்தார். நான் கயிற்றை அவிழ்த்தேன். இறுக்கித்தான் கட்டியிருந்தேன். கை இரண்டும் நீலம் பாய்ந்திருந்தன. கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டேன். கட்டினவன் நானென்பதால் தேய்த்தேன், வேறொன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் உயிர்த்துவிட்டார் என்று கீழே வெடி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் கதவு தட்டப்பட்டது. டோப்பா இல்லாமல், செருப்பை வாசலில் விட்டுவிட்டு றொபின்சன் நின்றான். கேட்டான். ரெங்கம்மா மாட்டேன் என்றாள். தலையாட்டிவிட்டுப் படியிறங்கினான்.

எனக்கு உள்ளே குளுகுளுவென்றிருந்தது. இத்தனை நாள் தேடிய பழி இதுதான், இப்போதுதான் சரியாக ஆரம்பித்திருக்கிறது. இஸ்தோப்பு விளிம்புக்கு ஓடிப்போய் எமன் குரலில் கத்தினேன்.

"அடுத்த ஞாயிறும் வரணும்டா! வராம இருந்தே, கால ஒடிச்சிருவேன்!"

மிரட்டத்தான் கத்தினேன். ரெங்கம்மா மட்டும் அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, விருந்துக்கு ஆள் கூப்பிட்டவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.