எல்லா ஊருக்கும் ஒரு மைல்

1
ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்த முட்டாள்தனத்தில் பிறந்தது. ஒரு புரோகிராமில் அரை என்பதை 1/2 என்று எழுதிவிட்டு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். அந்த எரிச்சலை ஏற்றிவைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. தனுஷ்கோடியைப் பிடித்தேன். பாவம்.

2
‘பரளச்சிக் கரிசலில் வெயில்...’

(வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகள் போதும்.)

தனுஷ்கோடி பரளச்சிக்காரன். 1973இல் மெட்ராஸில் ஓர் அரசு அலுவலகத்தில் ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் புரோகிராம் எழுதுகிறான். அரசுத் திட்டம் ஒன்று: குடிதண்ணீருக்கு ஒரு மைலுக்கு மேல் நடக்கும் ஊர்களுக்குப் புதிதாக ஆழ்குழாய்க் கிணறு உண்டு. ஊரிலிருந்து இப்போது தண்ணீர் எடுக்கும் கிணறு கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் தூரம். வர்க்கமூலம் என்றால் அரை அடுக்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் அட்டையில் துளைத்தான்: (1/2).

(அடிக்குறிப்பில் போகவேண்டியது, இங்கேயே கிடக்கட்டும். ஃபோர்ட்ரானுக்கு முழு எண் வேறு ரகம், தசம எண் வேறு ரகம். 1.0/2.0 என்றால் அரை. தசமப் புள்ளி இல்லையென்றால் மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிடும், 1/2 பூஜ்யம். எதையும் பூஜ்ய அடுக்குக்கு உயர்த்தினால் ஒன்று. தப்பு என்று திட்டவும் திட்டாது.)

இருநூற்றுப் பன்னிரண்டு ஊர். எல்லாவற்றுக்கும் தூரம் 1. கிணறு ஒன்றுக்கும் இல்லை.

3
ஒருத்தனுக்குமா சந்தேகம் வராது? கதையின் பெரிய ஓட்டை இதுதான். அடைக்க அதிகாரி தங்கசாமியைக் கொண்டுவந்தேன். செலவே இல்லை என்று மனுஷன் பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்றாம் நாள் தனுஷ்கோடி பிழையைக் கண்டுபிடித்து அவரிடம் ஓடினான்.

“பட்டியல் போயிருச்சுய்யா. மிஷின் தப்புப் பண்ணுச்சுன்னு நான் மேல எழுதவா? அடுத்த வருசம் பாப்போம், போ.”

4
ஊருக்கு வந்தான். அவன் அக்கா சண்முகவடிவு தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்தாள்.

“ஏலே, பஞ்சாயத்துல பட்டியல் ஒட்டிருக்காக. நம்மூருக்கு ஒரு மைலுதானாம்ல? நீ போட்ட கணக்காமே?”

“அக்கா...”

“நான் மூணு மைலுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன். நீ போட்டா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தேன் காலு தளந்துபோச்சு போல. ஒரு மைலுக்கா இப்பிடி மூச்சு வாங்குது?”

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எனக்கும்தான்.

5
முடிவு, அ: உண்மையைச் சொல்கிறான், அக்கா மன்னிக்கிறாள். எழுதிக் கிழித்துவிட்டேன். மன்னித்தாலும் நாளைக்கு மூன்று மைல் நடப்பது அவள்தானே.

ஆ: சொல்லாமல் பஸ் ஏறுகிறான், அவள் தன் காலையே திட்டிக்கொண்டு சாகும்வரை

இல்லை, இதை எழுத எனக்குத் தெம்பில்லை.

“என்னடா, காலுதான?” என்று கேட்டுவிட்டு அவன் முகத்தையே பார்க்கிறாள். அவனுக்குப் பதில் நீங்கள் ஏதாவது சொல்லுங்கள். சீக்கிரம். குடத்தை இன்னும் இறக்கவில்லை அவள்.