தனகோட்டி பழசாக்கிய விமானங்கள்

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்த தனகோட்டியின் மகள் நிலா, இரண்டாயிரத்து இருபதாம் வருஷம் முன்பல் விழுந்த நாளிலிருந்து ஐந்து வருஷம் வளரவில்லை. விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் பொதிந்து கூரைமேல் எறிந்தார்கள். அந்த இடத்தில் புதுப்பல் முளைக்கவில்லை. அந்த வருஷம் தைத்த பச்சைப் பாவாடை ஐந்து தீபாவளிக்கும் அளவாக இருந்தது. புதுச்சேரி டாக்டர்கள் கை எலும்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புக்கு ஏழு வயது, குறை ஒன்றும் இல்லை என்று எளிதாகச் சொல்லிவிட்டார்கள். மேல்மலையனூர் அம்மன் கோயிலில் ஒன்பது அமாவாசைக்குப் போய் உட்கார்ந்தும் ஆயிற்று. ஊர் மூன்று மாதம் இதையே பேசியது. பிறகு வேர்க்கடலை விலை இறங்கவும் அதைப் பேசப் போய்விட்டது.

காரணம் தனகோட்டியின் கையில் இருந்தது. அடிபட்ட பஸ்ஸுக்கு அவன் நெளிவெடுத்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்தால், அடிபட்ட இடம் எது என்று அதன் டிரைவரே தேட வேண்டும். மற்றவர்கள் மாதிரி டப்பாவில் இருக்கும் கலரை அப்படியே அடிக்க மாட்டான். பத்து வருஷம் வெயிலில் வெளுத்த பஸ்ஸுக்குப் பத்து வருஷம் வெளுத்த கலரையே கலந்து அடிப்பான். புதுச்சேரியிலிருந்து கார் கதவு சரிசெய்ய வந்த ராமகிருஷ்ணன் என்ற ஓய்வுபெற்ற கப்பல் என்ஜினீயர், வேலை முடிந்த கதவின்முன் அரைமணி நேரம் நின்றார். அடுத்த வாரமே ஓர் அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தார். உள்ளே விரல் நீளப் பிளாஸ்டிக் துண்டுகள். உலகப்போரில் கப்பலிலிருந்து பறந்த விமானங்களின் சிறிய மாதிரிகள். வெளிநாட்டில் இவற்றைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்கள் உண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை. "புதுசா இருந்தா எவனும் சீண்ட மாட்டான்பா. ரெண்டு வருஷம் கடல்ல அடிபட்ட மாதிரி வேணும்," என்றார்.

தனகோட்டி கடலை ஏழெட்டு முறைதான் பார்த்திருக்கிறான். ஆனாலும் அது இரும்பை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. விமானத்துக்கு முதலில் அலுமினியக் கலர் அடிப்பான். அதை லேசாக ஈரமாக்கி, மரக்காணம் உப்பைப் பொடித்துத் தூவி, காய்ந்ததும் மேலே நீலம் அடிப்பான். பிறகு பழைய டூத்பிரஷால் உப்பைத் தேய்த்து எடுத்தால், உப்பு இருந்த இடமெல்லாம் பெயின்ட் உரிந்து தகரம் தெரியும். என்ஜின் புகை படியும் இடத்தில் கரித்தூளைத் தொட்டு இழுப்பான். பகலெல்லாம் பஸ்ஸின் துருவையும் நெளிவையும் எடுத்துப் பழசைப் புதுசாக்கினான், சாயங்காலம் புதுசைப் பழசாக்கினான். பஸ்களிலிருந்து சுரண்டி எடுத்த வருஷங்கள் விமானங்களுக்குப் போயின. ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போனதால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

பிறகு கொரோனா வந்தது. பஸ்கள் நின்றன, பட்டறையை மூடினான். வெளிநாட்டுக்காரர்களும் வீட்டிலேயே அடைந்து கிடந்ததால் விமானங்களுக்குக் கிராக்கி கூடிவிட்டது. தனகோட்டி கம்ப்ரசரை வீட்டுக்குக் கொண்டுவந்து, பஸ்கள் மறுபடி ஓடிய பிறகும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை பழசாக்கும் வேலையை மட்டுமே செய்தான். அந்தப் பழசு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும் அல்லவா? அந்த நான்கு சுவருக்குள்ளிருந்து வந்தது. சுவரில் சுண்ணாம்பு மங்கவில்லை. துடைப்பம் தேயவில்லை. அவன் மனைவி கவிதாவுக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. எந்த சோப்பு போடுகிறாய் என்று தெருப்பெண்கள் கேட்டார்கள். கவிதாவும் ஒரு வருஷம் அதில் மயங்கித்தான் இருந்தாள். அப்படி மயங்கி இருந்ததை நினைத்துப் பிற்பாடு அவள் அழுத அழுகை கொஞ்சமில்லை.

நிலாவுக்கு உடம்புதான் ஏழில் நின்றது, மனசு நிற்கவில்லை. அதுதான் கொடுமை. சின்ன உடம்பைப் பார்த்து மேல்வகுப்புக்கு ஏற்றாததால், ஐந்து வருஷமும் இரண்டாம் வகுப்பு பெஞ்சில் உட்கார்ந்தாள். டீச்சர் வராத நாளில் பாடமே அவள்தான் நடத்தினாள். அவளோடு அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு எழில் மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறிப்போய், பெண்கள் மேல்நிலைப்பள்ளியில் சுடிதார் யூனிபார்ம் போட ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் புதுத் தோழிகளோடு போன எழில், வாசலில் நின்ற நிலாவைக் காட்டி, "எங்க தெரு சின்னப் பொண்ணு," என்றாள். நிலா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டாயிரத்து இருபத்தைந்து தை மாதம் ராமகிருஷ்ணன் போன் செய்தார். கோர்சேர் என்ற நீலப் போர்விமானத்தை வாங்க இருந்த ஆளுக்குப் புத்தி மாறிவிட்டது, கம்பெனியிலிருந்து அன்றைக்கு வந்த மாதிரி புதுசாக வேண்டுமாம். தனகோட்டி அலுத்துக்கொண்டே மத்தியானம் அதை டர்பன்டைனால் கழுவி வெயிலில் வைத்தான். அது காய்வதற்குள் நிலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். ஒரே மத்தியானத்தில் ஒரு வருஷம் வளர்ந்ததுபோலப் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. முன்பல் முழுசாக முளைத்திருந்தது. கவிதாவின் வகிட்டில் நாலு நரை. நிலாவின் பிடரியிலிருந்து முதுகுக்குக் கறுப்பாக ஒரு புகைக்கோடு இறங்கியது. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அந்தக் கோடு கோர்சேரின் பக்கவாட்டில் தனகோட்டியே கரித்தூளால் இழுத்தது, சாய்வுகூட மாறவில்லை. கவிதாவுக்கு அந்தக் கறை இல்லை. தனகோட்டி தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

விற்ற விமானங்கள் எந்தெந்த நாட்டிலோ இருந்தன. வீட்டில் மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, ஸ்வோர்ட்ஃபிஷ் என்ற இரட்டை இறக்கை விமானம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டில் எடுத்த ஒரு போட்டோவைப் பார்த்து, எட்டு மாதம் உயிரைக் கொடுத்துச் செய்தது. இடது இறக்கைகளில் துணி எரிந்துபோய் உள்சட்டம் விலா எலும்பு போலத் தெரியும். வாங்கியவர் வீட்டில் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் மூன்று வருஷப் பழசாவது இருக்கும் என்பது தனகோட்டியின் கை அறிந்த விஷயம். அதைக் கழுவினால் மகளுக்கு என்ன வரும் என்பதும் தெரியும். அந்த இறக்கைகளைக் கழற்றிவிட்டுப் புதுசு செய்து ஒட்டிப் பார்த்தான். மூன்றாம் நாள் புது இறக்கைகளும் தாமாகவே கருகியிருந்தன. விமானத்தை வேட்டியில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டு மறுபடியும் பட்டறையைத் திறந்தான்.

"நடந்தது நடந்துபோச்சு. இனிமேலாவது வருஷத்துக்கு ஒரு வயசா வளரட்டும்," என்றாள் கவிதா.

நிலா கேட்கவில்லை. "நைனா, பரண்மேல இருக்கிறத கழுவு," என்றாள்.

"கை வெந்துடும்மா."

"தெரியும். எழிலு காலேஜுக்குப் போவ சொல்ல நான் இன்னாத்த படிச்சினு இருப்பேன்? இந்தக் குட்டிப் பசங்களோட இன்னும் எத்தினி வருசம் குந்துறது?"

தனகோட்டி பட்டறைக்குப் போனான். அவனால் வேறு என்ன செய்ய முடியும்?

ஒரு சனிக்கிழமை கவிதா ரேஷன் கடை வரிசையில் நின்ற நேரத்தில் நிலா நாற்காலி போட்டுப் பரணில் ஏறினாள். அப்பா செய்வதை ஐந்து வருஷம் பார்த்தவள், டர்பன்டைன் எவ்வளவு, பிரஷை எந்தப் பக்கம் தேய்க்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாலைக் கழுவினாள், வலப்பக்கத்தைக் கழுவினாள். இடது இறக்கைகளைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். கவிதா அரிசிப் பையோடு வந்தபோது குழாயடியில் பதினோரு வயதுப் பெண் ஒருத்தி, தோளில் கிழிந்த சின்னச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். தோளிலிருந்து மணிக்கட்டுவரை இடது கை சுருங்கிப் பளபளத்தது. பின்னலை முன்னால் இழுத்துப் பார்த்த கவிதாவுக்குத் தன் தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது தெரிந்தது. அவள் அரிசியைக் கீழே போடவில்லை. மெதுவாக இறக்கி வைத்துவிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள். பட்டறையிலிருந்து ஓடிவந்த தனகோட்டிக்கு அந்தக் கையைத் தொடவே பயமாக இருந்தது.

"எரியல நைனா," என்றாள் நிலா. "எப்பவோ எரிஞ்சு ஆறிட்ட மாதிரி இருக்குது."

அந்தக் கையின் விரல்கள் அதற்குப்பிறகு முழுசாக மடங்கவில்லை. அவளுக்குச் சேரவேண்டிய இன்னும் ஒரு வருஷம் கடலுக்கு அப்பால் ஏதேதோ அலமாரிகளில் கிடக்கிறது. அது வரப்போவதில்லை. ஜூன் மாதம் பெண்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். எழில் ஏழாம் வகுப்பு முடித்து எட்டுக்கு வந்திருந்தாள். முதல் நாள் நிலாவின் கையைப் பார்த்தவள், அவளுடைய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அடுத்த மாதம் பள்ளியில் மருத்துவ முகாம். மகாலட்சுமி என்ற நர்ஸ் உயரம், எடை பார்த்து எழுதிவிட்டு நிலாவின் கையைப் பிடித்தார். தழும்பை அழுத்தி, விரல்களை மடக்கிப் பார்த்தார். முப்பது வருஷமாகத் தீக்காயம் பார்த்தவர் அவர்.

"ரொம்பப் பழசா இருக்குதே. எப்ப ஆச்சு?"

கூட வந்திருந்த தனகோட்டி தலையைக் குனிந்துகொண்டான்.

"நாப்பத்திரண்டுல," என்றாள் நிலா.

"எந்த நாப்பத்திரண்டு?"

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திரண்டு."

நர்ஸ் இன்னொரு முறை கையைத் திருப்பிப் பார்த்தார். அவ்வளவு வருஷம் இருக்கும் என்றுதான் அவருக்கும் பட்டது. அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்.